கோட்டுக்கு எந்தப் பக்கம்

சட்டைப் பொத்தான் ஒன்று ஒரு மனிதரின் காலணிக்குள் ஏறிக்கொண்டு, அவருக்கே தெரியாமல் இரண்டு நாள் ஊர் சுற்றி வந்தது என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அரைநூல் மாஸ்டருக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறவர் அவர். அளவில் அரை நூல் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, துணியை மேசையிலிருந்து இறங்க விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவரின் வலது காலணிக்குள் நான்கு துளைப் பொத்தான் ஒன்று விழுந்து, பெருவிரலின் அடியில் குடியேறியது. அதன் மேலேயே நின்று அவர் இரண்டு நாள் துணி வெட்டினார். பதினான்கு ஆண்டுச் சர்க்கரை நோயில் அவருடைய பாதங்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

மூன்றாம் நாள் காலையில், வீட்டுத் தரையில் யாரோ சிவப்பு மையைச் சிந்திவிட்டதாக எண்ணிய அவர் மனைவி, ஈரத்துணியோடு ஒவ்வொரு சொட்டாகத் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவரின் காலடியில் வந்து நின்றார்.

"என்னங்க, இது உங்க கால்லேர்ந்து வருது."

"அப்படியா?" என்றார் மாஸ்டர். அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டவரைப் போல, கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

ஏழு மாதங்கள் ஆயின. பொத்தானை எடுத்து எறிந்தாயிற்று. அது விட்டுச்சென்ற புண் மட்டும் போகவில்லை. பூசிய களிம்புகளுக்கும் விழுங்கிய மாத்திரைகளுக்கும் கணக்கில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஆறாத புண்களுக்கான சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள்.

இரண்டே அறைகள். வெளி அறையில் எட்டு நாற்காலிகள். அவற்றில் எட்டுக் கால்களாவது எப்போதும் கட்டுப்போட்டு நீண்டிருக்கும். உள் அறையில், பல் மருத்துவரிடம் இருப்பதைப் போன்று சாய்கிற நாற்காலி ஒன்று, கழுத்தை வளைக்கும் விளக்கு ஒன்று, காலால் மிதித்தால் வாயைத் திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்று. சுவரில் ஓர் அறிவிப்பு: 'காலணி அணியும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.' அதைப் படிக்கும்போதெல்லாம், தம்மைத் தெரிந்த யாரோ தமக்காகவே எழுதி ஒட்டியதாக மாஸ்டருக்குத் தோன்றும்.

அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரே முறைதான். கட்டைப் பிரிப்பார்கள். உப்பு நீரால் கழுவுவார்கள். புண்ணின் ஓரத்தில் கெட்டிப்பட்ட தோலைப் பிளேடால் சீவி எடுப்பார்கள். மாஸ்டர் அதை வேறு யாருடைய காலோ என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். வலி என்று ஒன்று வரவில்லை. பிளேடு பிடிக்கும் கை நல்ல கை, துணியில் இறங்கினாலும் பிசிறு விடாது என்று மட்டும் மனத்துக்குள் சான்றிதழ் கொடுப்பார்.

பிறகு அளவெடுப்பு. கட்டம் போட்ட, கண்ணாடி போன்ற இரட்டைத் தாளைப் புண்ணின் மேல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கறுப்பு மார்க்கரால் கோடு இழுப்பார்கள். புண்ணைத் தொட்ட அடித்தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, மேல்தாளில் எத்தனை கட்டங்கள் சிக்கின என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணுவார்கள். முதல் நாள் பெரிய சிஸ்டர் எண்ணியபோது இருபத்தெட்டுக் கட்டங்கள்.

டாக்டர் வளைத்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவர்.

"இருபத்தெட்டு. நாலு வாரத்துல இது பதினாலுக்கு வரணும். வந்துச்சுன்னா புண் ஆறுற வழியில இருக்குன்னு அர்த்தம், இப்படியே தொடரலாம். வரலைன்னா உள்ளே எலும்பு கெட்டிருக்கான்னு பார்க்கணும். கெட்டிருந்தா பெருவிரலை எடுக்க வேண்டி வரும்."

பெருவிரல் என்றதும் மாஸ்டரின் மனைவி தம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் வேறொன்றை எண்ணினார். நூறு அடுக்குத் துணியை மேசையில் விரித்து, கத்தி இயந்திரத்தை இரு கைகளாலும் தள்ளிக்கொண்டு போகும்போது, உடம்பின் பாரம் முழுவதும் வலது பெருவிரலில்தான் வந்து இறங்கும். அந்த விரல் இல்லாத வெட்டுக்காரரை அவர் இதுவரை பார்த்ததில்லை. நூல் பிசிறு கத்தரிக்கும் பகுதியில் உட்கார்ந்த வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறார். மேசைக்குத் திரும்பி வந்தவர்கள் யாரும் அவர்களில் இல்லை.

இரண்டாம் வாரம் இருபத்தைந்து. மூன்றாம் வாரம் இருபத்துமூன்று. இடையிடையே அவரை மருத்துவமனைக்குத் தம் வண்டியில் அழைத்துப்போய் வந்தவர் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். வாய் மட்டும் எந்த மாடியிலும் நிற்காது.

"அத்தான், என் பொழைப்புல பாதியில நின்னா ஆபத்து. உங்க பொழைப்புல பாதிக்கு வந்து நின்னாத்தான் நல்ல சேதி. என்ன குடும்பம்டா இது!"

"வண்டியைப் பார்த்து ஓட்டு மாப்ள."

"பார்த்துத்தான் ஓட்டறேன். நீங்க சிரிச்சா என்ன, கட்டு அவிழ்ந்துடுமா?"

நான்காம் வாரம் போனபோது பெரிய சிஸ்டர் இல்லை. பேறுகால விடுப்பில் போய்விட்டார். இனி ஆறு மாதத்துக்கு வரமாட்டார் என்றார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன சிஸ்டர். இரண்டு விரல்களைக் கையுறையின் ஒரே விரலுக்குள் விட்டு, கழற்றி மறுபடியும் மாட்டினார். இருந்தாலும் பொறுமையாகக் கழுவினார், பொறுமையாகக் கோடு இழுத்தார். உதடுகள் அசைய எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது.

"பதிமூணு! சார், பதிமூணுதான்!"

மாஸ்டரின் மனைவி அந்தச் சின்னப் பெண்ணின் கையை, கையுறையோடு சேர்த்து, பிடித்துக்கொண்டார். பக்கத்து அறையில் வேறொரு காலைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கதவு வழியாக எட்டிப் பார்த்து, தாளில் எழுதியிருந்த எண்ணை மட்டும் படித்தார். "நல்லது. பாதிக்குக் கீழே வந்துடுச்சு. இப்படியே தொடரலாம். நாலு வாரம் கழிச்சு நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் முதல் வாரத் தாளும் நான்காம் வாரத் தாளும் எஃகுத் தட்டின் பக்கத்தில் அடுத்தடுத்துக் கிடந்தன. மாஸ்டர் அவற்றைப் பார்த்தார். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக இரண்டு தாள்கள் அருகருகே கிடந்தால் அவர் கண் தானாக அங்கே போகும். பெரிய சிஸ்டரின் பென்சில் புள்ளிகள் கறுப்புக் கோட்டின் மேலேயும் ஏறியிருந்தன. கோடு விழுந்த கட்டங்களையும் அவர் புண்ணின் கணக்கிலேயே சேர்த்திருந்தார். சின்ன சிஸ்டரின் புள்ளிகளோ கோட்டுக்கு உள்ளே மட்டும் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. கோட்டை அவர் தொடவே இல்லை.

மார்க்கரின் கோடு தடித்த கோடு. அந்தச் சிறிய வட்டத்தைச் சுற்றி ஓடும்போது எத்தனை கட்டங்களை அது விழுங்கும் என்பதை மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாலேயே எண்ணினார். கோட்டையும் சேர்த்தால் இன்றைக்கு இருபத்திரண்டு. இரண்டு தாளிலும் கோட்டை விட்டுவிட்டு எண்ணினால், அன்றைக்குப் பதினெட்டு, இன்றைக்குப் பதின்மூன்று. எந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் பாதி வரவில்லை.

சின்ன சிஸ்டர் புதுக் கட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைத்துனர் வெளி அறையில் யாருக்கோ தொலைபேசியில், "பதினாலு கேட்டாங்க, பதிமூணு கொடுத்தோம்ல!" என்று, தாமே முன்னின்று புண்ணைச் சுருக்கியவரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். "நன்றி சிஸ்டர்" என்று சொன்னார். 

அந்த வாரம் வீடு கலகலப்பாக இருந்தது. மனைவி அவருடைய வேலைச் சட்டைகள் ஆறையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் அடுக்கினார். தொழிற்சாலையிலிருந்து மேலாளர் பேசினார். மேசை அவருக்காகவே காத்திருப்பதாகச் சொன்னார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பயம் வரவேண்டிய இடத்திலும் ஒன்றும் இல்லை. டாக்டர் அவர் பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. குத்துவது கண்ணுக்குத் தெரிந்தது. மற்றபடி தெரியவில்லை. இப்போதும் அப்படியேதான் இருந்தது.

புதன்கிழமை வீட்டில் கட்டு மாற்றும் நாள். மனைவி அவர் காலைத் தம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பிரித்துப் பார்த்தார்.

"எப்படிச் சுருங்கிடுச்சு பாருங்களேன்! பாதிகூட இல்லை."

மாஸ்டர் கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். போன புதன்கிழமை இதே நேரத்தில், இதே மடியில், இதே அளவுப் புண்ணைப் பார்த்து, "இது அசையவே மாட்டேங்குதே" என்று கலங்கியவர் இவர்தான். புண் மாறவில்லை. எண் மாறியதும் பார்க்கிற கண் மாறிவிட்டது.

"ஆமா" என்றார் மாஸ்டர்.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தபோது பழைய சம்பவம் ஒன்று எழுந்து வந்தது. மேசைக்கு வந்த புதிதில், ஒரு நாள், சாக்பீஸ் கோட்டின் வெளியோரம் வெட்ட வேண்டிய முந்நூறு காலர்களை அவர் உள்ளோரம் வெட்டிக்கொண்டு போனார். நூறாவது காலரில் அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விடுமுறை, வேலை சீக்கிரம் முடிகிறதென்று அறை முழுவதும் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மீதி இருநூறையும் அப்படியே வெட்டி முடித்தார். கழுத்தை நெரித்த முந்நூறு சட்டைகளும் திரும்பி வந்தபோது, பழி கோடு போட்டவர் தலையில் விழுந்தது. அந்த மனிதர் கடைசிவரை, "நான் சரியாத்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தப்பைவிட, தெரிந்த பிறகு வெட்டிய அந்த இருநூறுதான் மாஸ்டரின் மனத்தில் தங்கியது. அன்றிலிருந்துதான் அவர் அரைநூல் ஆனார். அது யாருக்கும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை, மனைவிக்கு உறவினர் வீட்டில் ஒரு வேலை இருந்ததால், மைத்துனர் மட்டும் அழைத்துப் போனார். அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்த நேரத்தில் மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார்கள்.

சின்ன சிஸ்டர் கட்டைப் பிரித்து, கழுவி, தாளை எடுத்தார். கோடு இழுத்து முடித்தார். பென்சிலைக் கையில் எடுத்தார்.

"சிஸ்டர், கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க சார்."

"கோட்டை எந்தப் பக்கம் எண்ணுறீங்க?"

சின்ன சிஸ்டருக்குப் புரியவில்லை. மாஸ்டர் தாளை வாங்கவில்லை. விரலால் தூரத்திலிருந்தே காட்டினார்.

"நீங்க உள்ளே மட்டும் எண்ணுறீங்க. அதுல தப்பில்லை. பெரிய சிஸ்டர் கோட்டையும் சேர்த்து எண்ணினாங்க. அதுலயும் தப்பில்லை. ஆனா அவங்க எண்ணினதையும் நீங்க எண்ணினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கக் கூடாது. நான் துணி வெட்டுறவன். மன்னிச்சுக்கோங்க."

சின்ன சிஸ்டர் கோப்பைத் திறந்தார். முதல் தாளையும் போன வாரத் தாளையும் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். பென்சில் முனை ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. ஒரு தடவை எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணும்போது காது நுனிகள் சிவந்துவிட்டன.

"போன வாரம் இருபத்திரண்டு வரணும்" என்றார், குரல் இறங்கி.

"ஆமாங்க."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சார் சொல்லலை? அது எனக்கு இங்க முதல் வாரம். யாராவது சொல்லியிருந்தா நான்…" பென்சிலைத் தட்டில் வைத்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நான்தான் போய்ச் சொல்லணும், இல்லையா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருமா சொல்லலாம். ஒரு வாரம் தெரிஞ்சு சும்மா இருந்தது நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

டாக்டர் வந்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை, "ம்" என்று மட்டும் சொன்னார். மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துப் புண்ணின் நடுவில் மெதுவாக இறக்கினார். மாஸ்டர் எதையும் உணரவில்லை. ஆனால் கேட்டது. தரையோட்டில் ஊசி விழுந்ததைப் போல, உள்ளிருந்து சின்னதாக ஒரு 'டிக்'.

"எலும்பு" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பின் ஓரம் அரித்திருந்தது. விரலை எடுப்பது என்று முடிவாயிற்று.

"டாக்டர், இன்னும் மூணு வாரம் கழிச்சு நீங்க பார்த்திருந்தா?" என்று மாஸ்டர் கேட்டார். பதிலுக்காகக் கேட்டாரா, கேட்டு வைப்போம் என்று கேட்டாரா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

"பாதி பாதம் போயிருக்கலாம். இதே விரலோட நின்னிருக்கவும் செய்யலாம். தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல முடியாதுங்க."

வெளி அறையில் செய்தியைக் கேட்ட மைத்துனர் கையிலிருந்த தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். 

"உலகத்துலேயே தன் விரலுக்குத் தானே அளவெடுத்துக் கொடுத்த ஒரே கட்டிங் மாஸ்டர் நீங்கதான் அத்தான். சும்மா இருந்திருக்கலாமே! பதிமூணுன்னு அவங்கதானே சொன்னாங்க, நாமளா சொன்னோம்? நான் பதினேழு பேருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கேன். அந்தப் பதினேழு பேர்கிட்டயும் இப்ப யாரு பேசுறது?"

"நான் பேசுறேன்."

"நீங்க பேசுவீங்க! 'அப்படியா, சரி'ன்னு சொல்லி வச்சிடுவீங்க." மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டிச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

மனைவி கேட்டபோது அழவில்லை. முழுவதையும் கேட்டார். கோடு, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மாஸ்டர் விளக்கியதை எல்லாம், ஓடிக்கொண்டிருக்கும் குழாயை நிறுத்தாமல், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அறுவைக்குப் போகும் நாள் காலையில், பையில் அவருடைய துணிகளை வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"விரல் போறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீ சந்தோஷமா இருந்தே."

"அதுக்கு? நான் மட்டும் தனியா சந்தோஷமா இருந்து என்ன பண்றது? பக்கத்துல உட்கார்ந்து ஆமா ஆமான்னீங்களே!"

 ஏதோ ஓர் இடத்தில் வலித்திருக்க வேண்டும் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. எந்த இடம் என்று தேடிப் பார்த்தார். மனைவி பையின் வாயைக் கட்டிவிட்டு, அவர் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்ததைக் கண்டு, வந்து போட்டுவிட்டார்.

விரல் போயிற்று. அதன் இடத்தில் தையல் போட்ட புதுப் புண் ஒன்று வந்தது. ஒரு முனையில் அது கொஞ்சம் வாய் பிளந்ததால், மறுபடியும் வாராவாரம் அதே நாற்காலி, அதே விளக்கு. சின்ன சிஸ்டரின் கையில் கையுறை இப்போது ஒரே தடவையில் ஏறிவிடுகிறது. தடித்த மார்க்கரைத் தூக்கி எறிந்துவிட்டு, மெல்லிய முனைப் பேனா ஒன்றை வரவழைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் தம் கையால் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார்: 'கோட்டையும் சேர்த்து எண்ணவும்.' இனி யார் வந்து எண்ணினாலும் ஒரே எண்ணிக்கை.

ஒன்பது கட்டங்கள். ஆறு. நான்கு. இரண்டு. ஒவ்வொரு எண்ணையும் சின்ன சிஸ்டர் சொல்லும்போது, மாஸ்டரின் மனைவி தாளைக் கையில் வாங்கி, தாமே ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். கணவர் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்று கேட்பார். மாஸ்டரும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்பார்.

பதினோராம் வாரம் சின்ன சிஸ்டர் பேனாவைக் காலுக்கு மேலே வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோடு போட இடமில்லை சார்."

"புள்ளி?"

"புள்ளி வைக்கவும் ஒண்ணும் இல்லை. மூடிடுச்சு."

தாளில் சுழியம் எழுதினார்கள். மைத்துனர் வெளி அறையிலிருந்து, "இதை நான் யாருக்கும் போன் பண்ணிச் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கோங்க" என்று கத்தினார். சொல்லிக்கொண்டே யாருக்கோ எண்ணை அழுத்தினார்.

கத்தி இயந்திரம் மாஸ்டருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் பயந்தபடி நூல் பிசிறு கத்தரிக்கவும் அனுப்பவில்லை. மேசையின் கோடியில் உயரமான முக்காலி ஒன்றைப் போட்டு, துணியின் மேல் கோடு போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். அவர் போட்ட கோட்டில் வேறொருவர் வெட்டுவார். முன்பு பழி சுமந்தவர் உட்கார்ந்திருந்த வேலை அது. மாஸ்டர் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும், அந்த முந்நூறு காலர்களின் கதையை முதல் தடவையாகச் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, "அந்த மனுஷர் இப்ப எங்க இருக்கார்?" என்றார். மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"விசாரிங்க" என்றார் மனைவி.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து வலது காலணியை எடுத்தார். விரல் இருந்த இடத்தை நிரப்புவதற்கு அதனுள் பஞ்சுத்தக்கை ஒன்று வைத்துத் தைத்திருந்தார்கள். கையை உள்ளே விட்டு, குதியிலிருந்து முனை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். தக்கையின் ஓரத்தில் ஒரு சின்ன நூல் முடிச்சு விரல் நுனியில் தட்டுப்பட்டது. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, முடிச்சை ஒட்ட வெட்டி எறிந்தார். மறுபடியும் தடவினார். பிறகு காலணியை மனைவியிடம் நீட்டினார்.

"நீயும் ஒரு தடவை பாரு."